10 குடம் தண்ணியில் ஒரு வாரம்! பாலைவனத்தில் 'வண்டி வீடு' வாசிகள் படும் பாடு

குழாய் கிடையாது. கிணறு கிடையாது. சாக்கடையும் கிடையாது. கையில் இருப்பது 10 குடம் தண்ணி. அதை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் ஒரு வாரம் குடிக்கணும், சமைக்கணும், பாத்திரம் கழுவணும், குளிக்கணும். கக்கூசும் போகணும்!

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடக்கிறது. அமெரிக்காவில், அரிசோனா பாலைவனத்தில், ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிறது.

காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும் வண்டி வீட்டுக்கு அங்கே 'டிராவல் டிரெய்லர்' என்று பெயர். கட்டில், அடுப்பு, குளியலறை, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். கரண்டு கம்பியும் இல்லாமல், தண்ணிக் குழாயும் இல்லாமல் வெட்டவெளியில் அதை நிறுத்தி வாரக்கணக்கில் தங்குகிறார்கள்.

பார்ப்பதற்கு உல்லாசம். உள்ளே போனால் சொட்டுக் கணக்கு! லாரித் தண்ணிக்குக் குடம் வைத்து வரிசையில் நின்ற நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் புதிதல்ல.

ஊர் சின்னது, கூட்டம் பெரிசு

இந்தக் கூட்டம் கூடும் இடத்தில் முக்கியமானது குவார்ட்சைட் என்ற சிற்றூர். பீனிக்ஸ் நகரிலிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டர். கலிபோர்னியா எல்லை கூப்பிடு தூரம்.

2020-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த ஊரில் இருப்பவர்கள் சுமார் 2,400 பேர். அவ்வளவுதான். ஆனால் ஜனவரி, பிப்ரவரி வந்துவிட்டால் போதும். கல், ரத்தினச் சந்தை ஒரு பக்கம், வண்டி வீட்டுக் கண்காட்சி ஒரு பக்கம். ஊரைச் சுற்றிலும் பாலைவனம் பூராவும் வெள்ளை வெள்ளையாக வண்டிகள் நிற்கும்.

வடக்கே பனி கொட்டுகிற நேரத்தில் இங்கே இதமான வெயில். அதனால் இப்படி வருகிறவர்களுக்குப் 'பனிப் பறவைகள்' என்றே பெயர். கோடையில் ஒரு பறவையும் இருக்காது. அப்போது வெயில் 45 டிகிரியைத் தொடும் நாளும் உண்டு.

சுற்றியுள்ள நிலம் மத்திய சர்க்காரின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தம். பல இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். அதற்கு மேல் தங்க வேண்டுமானால், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீசனுக்குக் கட்டணம் கட்டித் தங்கும் இடம் உண்டு. ஊருக்குத் தெற்கே 'லா போசா' என்ற அந்த இடத்தில் தண்ணி பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் வசதி இருக்கிறது.

இந்த ஊர்க் கல்லறையில் ஒரு வேடிக்கையான நினைவுச் சின்னம். கற்களால் கட்டிய கூம்பு, அதன் உச்சியில் ஒரு ஒட்டகம்! 1850-களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனத்தைக் கடக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்து பார்த்தது. கூடவே ஒட்டகம் ஓட்ட ஆள்களையும் கூட்டி வந்தது. அவர்களில் ஒருவர் ஹாஜி அலி. அந்தப் பெயர் அமெரிக்கர் வாயில் நுழையவில்லை. 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள்! 1902-ல் இங்கேயே காலமானார்.

ஒட்டகத்துக்குத் தண்ணியைச் சிக்கனம் செய்யப் பிறவியிலேயே தெரியும். மனுஷன் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வருகிறவர்கள் யார்?

எல்லோரும் பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஓய்வூதியத்தில் ஜாலியாகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வாடகை கட்ட முடியாமல் வண்டியையே வீடாக்கிக் கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

2008-ம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவில் வீட்டை இழந்த வயதானவர்கள் பலர் இப்படிச் சக்கரத்தின் மேல் குடியேறினார்கள். அவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் எழுதிய புத்தகம் 'நோமாட்லேண்ட்'. 2017-ல் வெளிவந்தது. அது படமாகி, 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசையும் தட்டிச் சென்றது. அந்தப் படத்தில் குவார்ட்சைட் பாலைவனமும் வருகிறது. வாளியைக் கக்கூசாக உபயோகிப்பது எப்படி என்ற பாடமும் வருகிறது!

சிரிக்கிற விஷயமில்லை. 70 வயதில், முழங்கால் வலியோடு, வண்டிக்குள் இருக்கிறவருக்கு எந்தக் கக்கூஸ் என்பது பெரிய கேள்வி. எத்தனை நாள் தங்கலாம், எங்கே தங்கலாம், எவ்வளவு செலவாகும், எவ்வளவு கனம் தூக்கணும் என்று எல்லாமே அதில்தான் போய் முடிகிறது.

வண்டிக்கு அடியில் 3 தொட்டி

டிரெய்லரின் வயிற்றில் மூன்று தொட்டிகள் இருக்கும்.

ஒன்று, நல்ல தண்ணித் தொட்டி. பெரும்பாலான வண்டிகளில் 115 லிட்டரிலிருந்து 230 லிட்டர் வரை பிடிக்கும்.

இரண்டு, 'சாம்பல்' தொட்டி. குளித்த தண்ணியும் பாத்திரம் கழுவிய தண்ணியும் இதில் போய்ச் சேரும்.

மூன்று, 'கறுப்பு' தொட்டி. கக்கூஸ் தண்ணி இதில் விழும்.

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். "தண்ணி தீர்ந்தா கேன்ல கொண்டு வந்து ஊத்திக்கிட்டாப் போச்சு" என்று நினைக்கிறார்கள். சரி, ஊற்றலாம். ஊற்றின தண்ணி எங்கே போகும்?

மேலே இருக்கும் தொட்டி காலியாகக் காலியாக, கீழே இருக்கும் இரண்டு தொட்டியும் நிரம்பிக்கொண்டே வரும். குடித்ததிலும் சமைத்ததிலும்கூட ஒரு பங்கு கறுப்புத் தொட்டிக்குத்தான் வந்து சேருகிறது. நல்ல தண்ணி தீர்ந்தால் கேன் இருக்கிறது. கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்!

ஆகவே சிக்கனம் என்பது குழாயைத் திறக்கும்போது மட்டும் பார்க்க வேண்டியதல்ல. உள்ளே விடுகிற ஒவ்வொரு லிட்டரையும் ஒருநாள் சுமந்துபோய்க் கொட்டியாக வேண்டும்.

150 லிட்டர்... ஒரு வாரக் கணக்கு

அமெரிக்கர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது நாளைக்கு சுமார் 310 லிட்டர் தண்ணி செலவழிக்கிறார் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. அந்தப் பழக்கத்தோடு டிரெய்லரில் ஏறினால், 150 லிட்டர் தொட்டி அரை நாள்கூடத் தாங்காது!

150 லிட்டர் என்பது நம்ம 15 லிட்டர் குடத்தில் 10 குடம். இரண்டு பேர், ஏழு நாள் என்றால் நாளைக்கு 21 லிட்டர். அதை எப்படிப் பங்கு போடலாம்? இதோ ஒரு கணக்கு:

குடிக்க, சமைக்க – 8 லிட்டர்.

பாத்திரத்துக்கு – 3 லிட்டர்.

முகம், கை, பல் – 3 லிட்டர்.

கக்கூசுக்கு – 3 லிட்டர்.

மொத்தம் 17. மிச்சம் 4 லிட்டர். ஏழு நாளில் 28 லிட்டர் சேரும். அதில் ஆளுக்கு இரண்டு குளியல், தடவைக்கு 7 லிட்டர். மற்ற நாளில் ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குடிக்கிற தண்ணியில் மட்டும் கை வைக்கக் கூடாது. பாலைவனக் காற்று உலர்ந்த காற்று. வியர்ப்பதே தெரியாது. தெரியாமலே உடம்பு வற்றும். அதனால் பலர் குடிதண்ணியைத் தனிக் கேனில் வைத்திருக்கிறார்கள். தொட்டியில் ஏதாவது கோளாறு வந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

இன்னொன்று, எடை. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 150 லிட்டர் என்றால் 150 கிலோ. வண்டி இழுக்கக்கூடிய பாரத்தில் இதையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் மேட்டிலும் பிரேக்கிலும் அவஸ்தைப்படுவார்கள்.

7 லிட்டரில் குளியலா?

முடியும். இதற்கு 'கடற்படைக் குளியல்' என்று பெயர். கப்பலில் நல்ல தண்ணிக்குப் பஞ்சம் என்பதால் மாலுமிகள் கற்றுக்கொண்ட வித்தை.

உடம்பை நனை. குழாயை மூடு. சோப்புப் போட்டுத் தேய். மறுபடி திற, அலசு, மூடு. அவ்வளவுதான்.

டிரெய்லரில் தண்ணியைத் தள்ளுவது 12 வோல்ட் பம்பு. நிமிஷத்துக்குச் சுமார் 11 லிட்டர் தள்ளக்கூடிய பம்புகள் சர்வசாதாரணம். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டுப் பாடினால் இரண்டு குளியல் தண்ணி ஒன்றரை நிமிஷத்தில் காலி! அதனால்தான் தண்ணி குறைவாகப் பீச்சும் ஷவர் தலையை மாட்டுகிறார்கள். அதன் கழுத்திலேயே மூடித் திறக்க ஒரு பொத்தான் இருக்கும்.

வெந்நீர் வருவதற்கு முன்னால் குழாயில் நிற்கும் பச்சைத் தண்ணி ஒன்றிரண்டு லிட்டர் வரும். அதைச் சாக்கடையில் விடுகிறவன் ஏமாளி. ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்தால் உலைக்கோ காப்பிக்கோ ஆகாவிட்டாலும் கக்கூசுக்கு ஆகும்.

நம்ம வழக்கப்படி வாளியில் தண்ணி எடுத்துச் சொம்பால் மொண்டு குளித்தாலும் இதே சிக்கனம்தான். எவ்வளவு செலவாகிறது என்பது கண்ணுக்கு நேரே தெரியும்.

பாத்திரத்துக்கும் வழி உண்டு. தட்டில் ஒட்டியதை முதலில் காகிதத்தால் வழித்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். பிறகு ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணி அடித்துத் தேய்த்து, ஒரு சின்னத் தொட்டித் தண்ணியில் அலச வேண்டும். எண்ணெயும் சோறும் சாம்பல் தொட்டிக்குள் போனால் அழுகும். அந்த நாற்றம் சில சமயம் கறுப்புத் தொட்டியையே தோற்கடித்துவிடும்!

ராத்திரி படுக்கும்போது பம்பு சுவிட்சை அணைப்பது முக்கியம். எங்கேயாவது ஒரு குழாய் கசிந்தால், விடிவதற்குள் ஒரு வாரத் தண்ணி தரையில் போய்விடும்.

கஞ்சத்தனம் செய்யக் கூடாத இடம்

இப்போது கக்கூஸ் விவகாரத்துக்கு வருவோம்.

டிரெய்லரோடு வரும் கக்கூஸ் காலால் மிதிக்கும் ரகம். மிதித்தால் அடியில் கதவு திறக்கும். கொஞ்சம் தண்ணி வரும். எல்லாம் நேரே கறுப்புத் தொட்டியில் விழும். அமெரிக்க வீடுகளில் உள்ள பிளஷ் ஒரு தடவைக்கு 6 லிட்டர் வரை எடுக்கும். இங்கே கால் லிட்டர், அரை லிட்டரில் வேலை முடிந்துவிடும்.

"அப்படின்னா இன்னும் குறைக்கலாமே!" என்று சில அதிபுத்திசாலிகள் தண்ணியே விடாமல் விட்டுவிடுகிறார்கள். வந்தது வினை!

தண்ணி இல்லாவிட்டால் மலமும் காகிதமும் தொட்டியில் பரவாது. கக்கூசுக்கு நேர் கீழே குவியும். குவிந்து காய்ந்து குன்றாக நிற்கும். அப்புறம் எதை ஊற்றினாலும் அசையாது. அதைக் கரைக்க நாள்கணக்கில் தண்ணி ஊற்றி ஊற வைக்க வேண்டும். மிச்சம் பிடித்த தண்ணியைப் போல் பல மடங்கு தண்டம்!

ஆகவே கறுப்புத் தொட்டியைக் காலி செய்ததும் 8, 10 லிட்டர் தண்ணியை அடியில் விட்டுவைக்க வேண்டும். சிறுநீருக்குக் கால் லிட்டர் போதும். மற்றதற்கு ஒரு லிட்டருக்குக் குறையக் கூடாது. அதற்கு நல்ல தண்ணிதான் வேண்டும் என்று சட்டமில்லை. பாத்திரம் அலசிய தண்ணி, ஷவரில் பிடித்து வைத்த தண்ணி, எதுவானாலும் சரி.

நம் கணக்கில் கக்கூசுக்கு 3 லிட்டர்தான் ஒதுக்கினோம். அதோடு அலசிய தண்ணி 3 லிட்டர் சேர்ந்தால் 6. இரண்டு பேர் சிறுநீர் சுமார் 3 லிட்டர். ஆக நாளைக்கு 9 லிட்டர். 115 லிட்டர் கறுப்புத் தொட்டி ஏறக்குறைய 12 நாள் தாங்கும். வீட்டு ஞாபகத்தில் தடவைக்கு 2 லிட்டர் வீதம் 12 தடவை மிதித்தால்? நாலே நாள்!

தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்ட உள்ளே விளக்குப் பலகை உண்டு. அதை முழுக்க நம்பக் கூடாது. உள்ளே இருக்கும் முள்ளில் காகிதம் ஒட்டிக்கொண்டால், காலித் தொட்டியையும் 'நிறைந்துவிட்டது' என்று காட்டும். அனுபவசாலிகள் நாள்கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

தூக்கிச் செல்லும் பெட்டி

இரண்டாவது ரகம், 'கேசட்' கக்கூஸ். ஐரோப்பிய வண்டிகளில் இதுதான் அதிகம். கக்கூசுக்கு அடியில் சுமார் 18 லிட்டர் பிடிக்கும் பெட்டி இருக்கும். வண்டிக்கு வெளியே சின்னக் கதவைத் திறந்து அதை உருவி எடுக்கலாம். பக்கத்தில் உள்ள சாதாரணக் கக்கூசில் கொட்டிக் கழுவி மாட்டிவிடலாம்.

லாபம், வண்டியை நகர்த்த வேண்டாம். நஷ்டம், நாளைக்கு 9 லிட்டர் விழுந்தால் இரண்டு நாளில் பெட்டி நிறைந்துவிடும். நிறைந்த பெட்டி 20 கிலோவைத் தொடும். வாலிபர்கள் தூக்கலாம். மூட்டு வலிக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

இதே தத்துவத்தில் வண்டியோடு பொருத்தாமல் கையில் தூக்கிச் செல்லும் சின்ன ரகமும் உண்டு. விலை குறைவு. ஆனால் அதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. பின்னால் சொல்கிறோம்.

தண்ணியே வேண்டாத கக்கூஸ்!

மூன்றாவது ரகம்தான் இப்போது பலர் மாறிக்கொண்டிருக்கும் உலர் கக்கூஸ். ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாம்!

இதில் சங்கதி என்னவென்றால், சிறுநீர் தனியே, மலம் தனியே. முன்பக்கம் விழுவது ஒரு பாட்டிலுக்குப் போகும். பின்பக்கம் விழுவது ஒரு டப்பாவுக்குப் போகும். இரண்டும் கலந்தால்தான் சாக்கடை நாற்றம். கலக்காமல் வைத்து, ஒரு சின்ன விசிறியால் காற்றை வெளியே தள்ளினால் நாற்றம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

டப்பாவுக்குள் முதலில் போட்டு வைப்பது என்ன தெரியுமா? தென்னை நார்த்தூள்! ஆமாம், கயிறு திரிக்க மட்டையை அடிக்கும்போது உதிரும் அதே தூள். கரி மண்ணும் போடலாம். ஆனால் நார்த்தூள்தான் பலருக்குப் பிடிக்கிறது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதில் அதற்கு ஈடில்லை. பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து கட்டி கட்டியாக அழுத்தி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி ஆகிறதே, அந்தச் சரக்குக்கு இப்படியும் ஓர் உபயோகம்!

தத்துவமும் நமக்குப் புதிதல்ல. திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் கழிப்பறைகள் 2000-களிலேயே கட்டப்பட்டன. நம்மவர்கள் தண்ணி விட்டுக் கழுவுகிறவர்கள். அதற்காக அங்கே கழுவு தண்ணிக்கென்று மூன்றாவதாக ஒரு வழியும் வைத்தார்கள். அமெரிக்க டப்பாவில் அந்த மூன்றாவது வழி கிடையாது. டப்பாவுக்குள் தண்ணி போனால் எல்லாம் கெட்டது. நம்மவர்கள் வாங்குமுன் இதை யோசிக்க வேண்டும்.

லாபக் கணக்கு பார்ப்போம். நாளைக்கு 3 லிட்டர் நல்ல தண்ணி மிச்சம். ஏழு நாளில் 21 லிட்டர். அதாவது, முழுசாக இன்னொரு நாள் தங்கலாம்! கறுப்புத் தொட்டி நிரம்புமே என்ற கவலையும் இல்லை.

ஆனால் எதுவும் சும்மா வராது. நல்ல ரகங்களின் விலை ஆயிரம் டாலரை ஒட்டி வரும். 8 லிட்டர் சிறுநீர் பாட்டிலை இரண்டு பேர் இருந்தால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். மறந்தால் வழிந்துவிடும்.

'உரக் கக்கூஸ்' என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். அது முழு உண்மையல்ல. சில வாரத்தில் மலம் உரமாகிவிடாது. கிருமி சாக மாதக்கணக்கில் தனியே கிடந்து மக்க வேண்டும். அதற்கு முன் செடிக்குப் போடுவதோ பாலைவனத்தில் கொட்டுவதோ ஆபத்து.

பையும் வாளியும்

நாலாவது, ஏழைகளின் ரகம். 19 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, மேலே ஒரு இருக்கை, உள்ளே ஒரு பை. ஈரத்தை உறிஞ்ச மரத்தூளோ பூனை மண்ணோ போடுவார்கள்.

இதற்கென்றே தயாரித்த பைகளும் கடையில் உண்டு. உள்ளே ஒரு பொடி இருக்கும். ஈரம் பட்டதும் அது கூழாக இறுகிவிடும். இரட்டைப் பையில் கட்டி, அனுமதி உள்ள இடத்தில் குப்பையோடு சேர்க்கலாம். தண்ணி வேண்டாம், தொட்டி வேண்டாம். ஆனால் தினம் பைச் செலவு. இரண்டு பேர் மாதக்கணக்கில் தங்கினால் பணம் கரையும்.

"பாலைவனம்தானே, குழி தோண்டிப் புதைத்தால் என்ன?" என்று கேட்கலாம். கூடாரம் போட்டு ஓரிரவு தங்குகிறவருக்கு, 6 முதல் 8 அங்குலக் குழியில் அது சில இடங்களில் சரி. ஆயிரக்கணக்கான வண்டிகள் வாரக்கணக்கில் நிற்கும் இடத்தில் அது நடக்காது. வறண்ட மண்ணில் மக்கவைக்கும் நுண்ணுயிர் குறைவு. புதைத்தது அப்படியே கிடக்கும்.

38 லிட்டர் சட்டம்

முன்பு சொன்ன சட்டச் சிக்கல் இதுதான்.

லா போசா போன்ற நீண்டகாலத் தங்குமிடங்களில், வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்திய கழிவுத் தொட்டி இருக்க வேண்டும். அது குறைந்தபட்சம் 10 காலன், அதாவது சுமார் 38 லிட்டர் பிடிக்க வேண்டும். கையில் தூக்கும் கக்கூஸ் கணக்கில் சேராது! அப்படிப்பட்டவர்கள் அங்குள்ள பொதுக் கழிப்பறைக்குப் பக்கத்தில், 500 அடிக்குள் மட்டுமே தங்கலாம்.

அங்கே கறுப்புத் தண்ணி மட்டுமல்ல, குளித்த சாம்பல் தண்ணியையும் தரையில் விடக் கூடாது. ஒரு வண்டி விட்டால் மண் குடித்துவிடும். வரிசையாக நிற்கும் வண்டிகள் எல்லாம் விட்டால்? ஈ, நாற்றம், நோய். கடைசியில் இடத்தையே மூடிவிடுவார்கள். இருக்கிறவனுக்கு அது உல்லாசம் போன கதை. இல்லாதவனுக்கு வீடு போன கதை.

கழிவைக் கொட்டும் நிலையத்திலும் முறை இருக்கிறது. 3 அங்குலத் தடிமன் குழாயை மாட்டி, முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும். அப்புறம்தான் சாம்பல். சோப்புத் தண்ணி பின்னால் வந்தால் குழாயைத் தானே கழுவிவிடும். மாற்றிச் செய்தால் கடைசிவரை நாற்றம் கூடவே வரும்!

அங்கே அலசுவதற்கென்று இருக்கும் குழாயில் குடிதண்ணி பிடிக்கவே கூடாது. பலர் அதில்தான் கழிவுக் குழாயைக் கழுவியிருப்பார்கள். குடிதண்ணிக்கென்று தனியாக ஒரு வெள்ளைக் குழாயை வண்டிக்காரர்கள் வைத்திருப்பது அதனால்தான்.

வீடே வண்டி வீடானபோது...

இதெல்லாம் ஊர் சுற்றுகிறவர்கள் பாடு என்று நினைக்க வேண்டாம். இதே அரிசோனாவில், பீனிக்சுக்கு வடகிழக்கே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற பகுதி. நல்ல பெரிய வீடுகள். ஆனால் குழாய்த் தண்ணி கிடையாது. பலருக்கு லாரித் தண்ணிதான். லாரிகள் பக்கத்து ஸ்காட்ஸ்டேல் நகரக் குழாயில் பிடித்து வந்து கொட்டும்.

கொலராடோ நதியில் தண்ணி குறைந்தது. ஊருக்கு வெளியே தர முடியாது என்று நகரம் கையை விரித்தது. 2023 ஜனவரி 1-ம் தேதி முதல் சப்ளை நின்றது. சுமார் 500 வீடுகள் பாதிக்கப்பட்டன.

லட்சக்கணக்கான டாலர் வீட்டுக்காரர்கள் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். மழைத் தண்ணியை வாளியில் பிடித்துக் கக்கூசுக்கு ஊற்றினார்கள். அந்த வருஷமே பிற்பகுதியில் மாற்று ஏற்பாடு ஆனது. ஆனால் அந்த மாதங்களில் அவர்கள் செய்ததெல்லாம் குவார்ட்சைட் வண்டிக்காரர்கள் தினமும் செய்கிற வேலைதான்!

போகிறவர்கள் கேட்க வேண்டிய 3 கேள்வி

அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போகிற நம்மூர்ப் பெற்றோர் உண்டு. "வண்டி வீடு வாடகைக்கு எடுத்து நாலு நாள் சுத்திட்டு வரலாம்ப்பா" என்று பிள்ளைகள் கிளப்பிவிடுவதும் உண்டு. சந்தோஷமாகப் போகலாம். சாவியை வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: மூன்று தொட்டியும் எத்தனை லிட்டர்? நல்ல தண்ணித் தொட்டி பெரிதாகவும் கறுப்புத் தொட்டி சின்னதாகவும் இருந்தால், சின்னதுதான் உங்கள் கணக்கு.

இரண்டு: கக்கூஸ் எந்த ரகம்? அதை யார் காலி செய்வது? இருக்கிறவர்களில் வயதானவரால் செய்ய முடியுமா? தண்ணி விட்டுக் கழுவ வழி இருக்கிறதா?

மூன்று: தங்குகிற இடத்திலிருந்து தண்ணி பிடிக்கும் குழாய் எத்தனை தூரம்? கழிவு கொட்டும் நிலையம் எத்தனை தூரம்?

முதல் கேள்வியைப் பல பேர் கேட்கிறார்கள். மூன்றாவது கேள்வியின் பின்பாதியைக் கேட்காமல் போகிறவர்கள்தான் நாலாம் நாள் வண்டியைக் கட்டுகிறார்கள். 10 குடம் தண்ணியில் ஒரு வாரம் ஓட்ட முடியும். அந்த 10 குடமும் கடைசியில் எங்கே போய்க் கொட்டும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.